பன்றிச் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்த ஏழு மாதம்

கிரியாட்டினின் 7.8 என்று எழுதியிருந்த துண்டை அக்கா என்னிடம் நீட்டியபோது வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "என்னடா தம்பி போட்டிருக்கு?" என்றாள். "கொஞ்சம் கூடவாம்" என்றேன். சிறுநீரகம் வடித்து வெளியேற்றாமல் இரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு அது. அவள் வயதுப் பெண்ணுக்கு 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 2024 ஒக்டோபர் மாதம். அக்காவுக்கு 46 வயது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை, பதினான்கு வருடச் சீனி வருத்தம். கால் வீங்கினால் நின்றுகொண்டே இருப்பதால் என்று நினைத்தாள், முகம் வீங்கினால் பனி என்றாள். நான் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். சிறுநீரகத்தின் வடிகட்டியான நெஃப்ரோனின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். அப்படியிருந்தும் அடுத்த ஒரு வருடத்தில் செய்யக்கூடாத பிழையெல்லாம் செய்தேன். ஏழு மாதமும் 4,85,000 ரூபாயும் போனது. எங்கள் பக்கத்தில் இதைப்பற்றிக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. இனி அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று எங்காவது ஒரு வீட்டில் இதே துண்டு நீட்டப்பட்டால், வாங்குகிறவருக்காக எழுதுகிறேன்.

முதலில் டயலிசிஸ், பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக மெசினால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது. அக்காவுக்குக் கையில் ஃபிஸ்டுலா செய்திருக்கவில்லை. அதனால் கழுத்து நாளத்தில் குழாய் போட்டுத்தான் தொடங்கினார்கள். ஃபிஸ்டுலா என்பது எழுதாத கையில் நாடியையும் நாளத்தையும் தைத்து இணைத்து, நாளத்தைத் தடிக்க வைப்பது. தைத்த அன்றே ஊசி குத்த முடியாது. ஆறு எட்டு வாரமாவது போக வேண்டும், சிலருக்கு மூன்று மாதம். ஆகையால் டயலிசிஸ் வரும் என்று டொக்டர் வாயெடுத்த அன்றே ஃபிஸ்டுலாவுக்குத் திகதி கேளுங்கள். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று நாங்கள் இழுத்ததுபோல இழுக்காதீர்கள். கழுத்துக் குழாய் கிருமிக்குத் திறந்து வைத்த கதவு. 2025 பெப்ரவரியில் மெசினில் இருக்கும்போதே அக்காவுக்குக் குளிர்நடுக்கம் வந்தது, ஒன்பது நாள் வோர்ட்டில் கிடந்தாள். குழாய் உள்ளவருக்குக் காய்ச்சலோடு நடுக்கம் வந்தால் பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது, இரவே கொண்டுபோக வேண்டும். ஃபிஸ்டுலா செய்த கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ யாரையும் விடக்கூடாது. அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, அதன்மேல் தலைவைத்துத் தூங்கவும் கூடாது. காலையில் எழுந்ததும் மற்றக் கையின் விரலை வைத்துப் பாருங்கள். பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். அது நின்றிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சில மணிநேரத்துக்குள் போனால் அடைப்பை எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

2025 ஜனவரிக் கிளினிக்கில் டொக்டர் கேட்டார்: குடும்பத்தில் சிறுநீரகம் கொடுக்க யாராவது இருக்கிறீர்களா? அக்காவின் புருஷனுக்கும் சீனி. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அம்மாவுக்கு 71. நான் நிமிர்ந்து பார்த்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, பார்ப்போம்" என்றேன். இரத்த வகை பார்த்தார்கள். அக்கா பி, நான் ஓ. ஓ வகைக்காரர் எந்த வகைக்காரருக்கும் கொடுக்கலாம் என்று வகுப்பில் நூறு முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பாடம் எனக்கு இனிக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், பயந்துவிட்டேன். எனக்கு 41 வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். அடுத்த பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த கடதாசி மேசை லாச்சிக்குள் போனது.

பெப்ரவரி ஆரம்பத்தில் அந்தச் செய்தி வந்தது. பரம்பரையலகு மாற்றிய பன்றிகளின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்தும் ஆய்வுகளுக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதி கொடுத்துவிட்டது என்று. பரம்பரையலகு என்பது எங்கள் பாடப்புத்தகச் சொல், தமிழ்நாட்டில் மரபணு என்பார்கள். அதற்கு முந்தின மாதம் 25ஆம் திகதி டிம் அண்ட்ரூஸ் என்ற 66 வயதுக்காரருக்கு பொஸ்டனில் அப்படி ஒரு சிறுநீரகம் வைத்திருந்தார்கள், நடந்து வீட்டுக்கும் போய்விட்டார். அதற்கும் முன்னர் 2024 நவம்பரில் நியூயோர்க்கில் டவானா லூனி என்ற பெண்மணிக்கு வைத்தது வேலை செய்துகொண்டிருந்தது. இரவு முழுக்க வாசித்தேன். காலையில் அக்காவிடம், "அவசரப்பட வேணாம்க்கா, பெரிய ஒண்ணு வருது" என்றேன். விஞ்ஞானம் பேசுவதாகத்தான் அப்போது நம்பினேன். இப்போது யோசித்தால், என் வயிற்றில் கத்தி படாமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்த சந்தோஷம் அது.

இந்த விஞ்ஞானத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏமாற்றுகிறவன் புகுந்துகொள்வது இதற்குள்ளேதான். சாதாரணப் பன்றியின் உறுப்பை மனித உடம்பில் வைத்தால் நிமிடக் கணக்கிலிருந்து மணிக் கணக்குக்குள் அது கறுத்துச் செத்துவிடும். பன்றியின் கலங்களுக்கு, அதாவது செல்களுக்கு, மேல் அல்ஃபா-கல் என்ற ஒரு வெல்ல மூலக்கூறு இருக்கிறது. நமக்கு அது இல்லை. நம் குடலில் வாழும் பற்றீரியாக்களிடம் அதைப்போன்ற ஒன்று இருப்பதால், அதற்கு எதிரான பிறபொருளெதிரி, அதாவது அன்னியமானதைத் தாக்கும் புரதம், சின்ன வயதிலிருந்தே நம் இரத்தத்தில் தயாராக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட மூன்று வெல்லங்களை உண்டாக்கும் பன்றியின் பரம்பரையலகுகளை முதலில் முடக்குகிறார்கள். லூனிக்கு வைத்த வகையில் மொத்தம் பத்து மாற்றங்கள். அந்த மூன்றோடு, உறுப்பு பன்றி அளவுக்குப் பெருத்துவிடாமல் இருக்க வளர்ச்சி ஓமோன் வாங்கியையும் முடக்கி, மனிதப் பரம்பரையலகுகள் ஆறைச் சேர்த்திருக்கிறார்கள். இரத்தம் உறைந்து அடைக்காமலும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியான நிர்ப்பீடனம் பாய்ந்து பிடுங்காமலும் தடுப்பது அந்த ஆறின் வேலை. அண்ட்ரூஸுக்கு வைத்ததில் 69 மாற்றங்கள். மூன்று வெல்லம், ஏழு மனித அலகுகள் போக மீதி 59-உம் பன்றியின் பரம்பரையலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு பழைய வைரசின் பிரதிகளை முடக்கியவை. இந்தப் பன்றிகள் வளர்வது வடிகட்டிய காற்றுள்ள, கிருமி நுழையாத கட்டடங்களில். "நம்ம தோட்டத்துல வளர்க்கிறானே, அதுல ஒண்ணப் புடிச்சா ஆகாதா?" என்று பக்கத்து லயத்து மாமா கேட்டார். ஆகாது மாமா.

செய்து பார்த்த ஒருவர் இருந்தார். 1997 ஜனவரியில் அஸ்ஸாமில் தனி ராம் பருவா என்ற அறுவை மருத்துவர் பன்றியின் இதயத்தை ஒரு நோயாளிக்கு வைத்தார். நோயாளி ஏழு நாளில் இறந்தார், மருத்துவர் சிறைக்குப் போனார். சரியாக மாற்றிய பன்றியிலும் ஆபத்து முழுதாக விலகவில்லை. 2022 ஜனவரியில் மேரிலாந்தில் பன்றி இதயம் பெற்ற டேவிட் பென்னட் இரண்டு மாதம் உயிரோடிருந்தார். அந்த இதயத்தில் பன்றியின் சைட்டோமெகலோ வைரசு ஒளிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. சிறுநீரகத்துக்கு வந்தால், உயிரோடிருக்கும் நோயாளிக்கு முதலில் வைத்தது 2024 மார்ச்சில், பொஸ்டனில், ரிச்சர்ட் ஸ்லேமனுக்கு. இரண்டு மாதத்துக்குள் இறந்துபோனார், சிறுநீரகம் நிராகரிக்கப்பட்டதாலல்ல, அவருக்கு முன்பிருந்தே இதய நோய் இருந்தது. அடுத்து லிசா பிசானோ. அவருடையதை 47ஆம் நாள் எடுத்தார்கள். லூனியுடையதை 130ஆம் நாள், 2025 ஏப்ரலில் எடுத்தார்கள். வேறொரு தொற்றுக்காக நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தைக் குறைத்தார்கள், உடம்பு சிறுநீரகத்தை நிராகரித்துவிட்டது. ஏப்ரலில் இந்தச் செய்தி வந்தபோதும் நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, "130 நாள் என்பதே பெரிய சாதனைதானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே சாதனைதான். ஆனால் டயலிசிஸ் நாற்காலியில் இருக்கும் அக்காவுக்கு 130 நாள் என்றால் என்ன? உயிருள்ள மனிதர் கொடுத்த சிறுநீரகம் நன்றாக அமைந்தால் பதினைந்து இருபது வருடம் ஓடுகிறது. பொருத்திய அன்று வரும் செய்தி பெரிய எழுத்தில் வரும், எடுத்த அன்று வருவதைத் தேடித்தான் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பெயராகத் தேடிப்போய் எத்தனையாவது நாள் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று பாருங்கள்.

மார்ச்சில் அந்த ஆள் வந்தான். சொந்தக்காரருக்குத் தெரிந்தவர் வழியாக, நல்ல சப்பாத்து, மும்மொழியும் சரளம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் பன்றிச் சிறுநீரக ஆய்வுக்கு இலங்கையிலிருந்து நோயாளிகளைப் பதிகிறானாம், மலையகத்துக்கு இரண்டே இடமாம். பதிவுக்கு 35,000. சம்பளத்தில் கொடுத்தேன். மே மாதம், திசுப் பரிசோதனைக்கு இரத்தத்தை விமானத்தில் அனுப்ப 1,80,000. எடுத்த சீட்டுப் பணம் அப்படியே போனது. ஜூலையில் விசாவுக்கு வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 2,70,000. அதற்கு இடர் கடன் போட்டேன், மிச்சத்துக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைத்தேன். வீட்டில் ஒருவருக்கும் முழுக் கணக்குத் தெரியாது. மனைவிக்குச் சங்கிலி தெரியும், கடன் தெரியாது. அக்காவுக்கு ஒன்றுமே தெரியாது. அம்மா மட்டும் ஒருநாள், "பன்னியோடத வச்சுக்கிட்டு அவ ரோதமுனி சாமிக்குப் படையல் வைக்கலாமாடா?" என்று கேட்டாள். பன்றி இதய வால்வும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெப்பரினும் எத்தனையோ வருடமாக மனித உடம்புக்குள் போகின்றன, அக்காவின் டயலிசிஸிலேயே இரத்தம் உறையாமல் இருக்க அந்த ஹெப்பரின்தான் என்று அம்மாவுக்குப் பெரிய விளக்கம் கொடுத்தேன். அம்மாவுக்கு மறுமொழி சொல்லத் தெரிந்த எனக்கு அந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

அந்தக் கேள்விகள் இவை. நீங்கள் முதல் நாளே கேளுங்கள். ஒழுங்கான மருத்துவ ஆய்வில் சேர நோயாளி பதிவுக் கட்டணம் கட்டுவதில்லை, பரிசோதனை உறுப்புக்கு விலையும் இல்லை. பணம் கேட்ட இடத்திலேயே கதை முடிந்தது. அமெரிக்காவில் நடக்கும் இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பொதுப் பதிவேட்டில் இலக்கம் இருக்கும், என்.சி.டி என்ற மூன்று எழுத்தும் பின்னால் எட்டு இலக்கமும். அதை வாங்கி நீங்களே தட்டிப் பாருங்கள், அவன் காட்டும் ஸ்கிரீன்ஷொட்டை நம்பாதீர்கள். இலங்கையில் நடக்கும் ஆய்வென்றால் இங்கேயும் ஒரு மருத்துவ ஆய்வுப் பதிவேடு இருக்கிறது, நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதமும் இருக்க வேண்டும். யாரைச் சேர்ப்பார்கள் என்ற நிபந்தனையையும் அந்தப் பதிவில் வாசியுங்கள். 2025இல் அனுமதி பெற்றவற்றில் யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனத்தின் ஆய்வில் வயது 55இலிருந்து 70வரை என்று இருக்கிறது, ஆறு மாதமாவது டயலிசிஸ் செய்திருக்க வேண்டும், முதலில் ஆறே ஆறு பேர். அக்காவுக்கு 46. பெப்ரவரியிலேயே இந்த ஒரு வரியை வாசித்திருந்தால் போதும். ஒப்புதல் பத்திரத்தையும் கேளுங்கள். உண்மையான ஆய்வின் பத்திரம் பக்கம் பக்கமாகப் பயமுறுத்தும். ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு, வீட்டாருக்கும் கிருமிப் பரிசோதனை, இரத்த தானம் செய்யத் தடை என்றெல்லாம் இருக்கும். எனக்குக் காட்டிய தாளில் வாழ்த்துச் செய்திதான் இருந்தது.

செப்டெம்பரில் இலக்கத்தைக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒன்றை அனுப்பினான். தட்டிப் பார்த்தால் அது மூட்டு வாதத்துக்கான வேறொரு ஆய்வு. அழைத்தேன். கொஞ்சமும் கலங்காமல், "பன்றி வேணாம்னா விடுங்க சேர், மனுசக் கிட்னியே எடுத்துத் தரலாம்" என்று ஒரு விலை சொன்னான். அப்போதுதான் ஆளின் தொழில் விளங்கியது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றீட்டுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இப்படிப்பட்டவர்கள் ஒரு லயத்தில் வாங்க ஆள் தேடினால் அடுத்த லயத்தில், கடனில் மூழ்கினவன் எவன் என்று விற்க ஆள் தேடுவார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். வங்கிச் சீட்டு இருந்த 2,70,000-ஐ மட்டும் எழுதினார்கள். கையில் கொடுத்த மீதிக்கு என்னிடம் ஒரு துண்டும் இல்லை. இன்றைக்கு வரை ஒரு சதமும் திரும்பவில்லை. யாருக்குப் பணம் கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள், அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள்.

பணத்தைவிட மோசமான நட்டம் ஒன்று உண்டு. சிறுநீரகம் பழுதானால் இரத்தம் ஊறச் சொல்லும் எரித்ரோபொயட்டின் ஓமோனும் குறையும், அதற்கு ஊசி போட வேண்டும். ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லாத வாரங்களில் வெளியே வாங்கச் சொல்வார்கள். சீட்டுப் பணம் போன பிறகு நான் அந்த ஊசியைத் தள்ளிப்போட்டேன். வாரத்தில் மூன்றாவது டயலிசிஸை 12,000 ரூபாய் கொடுத்து வெளியே செய்துவந்ததையும் நிறுத்திவிட்டேன். ஜூலைக் கடைசியில் ஹீமோகுளோபின் 6.2. இரண்டு பைந்து இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. சிறுநீரகம் மாற்றக் காத்திருப்பவருக்கு, தவிர்க்கக்கூடிய இடத்தில் இரத்தம் ஏற்றக் கூடாது. பிறருடைய இரத்தத்தோடு வரும் திசு அடையாளங்களுக்கு எதிராக உடம்பு பிறபொருளெதிரிகளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். பிறகு தம்பியின் சிறுநீரகத்தையே அது எதிரியாகப் பார்க்கலாம். பிள்ளை பெற்ற பெண்களுக்கு அந்த எதிர்ப்பு ஏற்கெனவே கொஞ்சம் இருக்கக்கூடும். உயிருக்கு ஆபத்தென்றால் ஏற்றத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் ஊசியை ஒழுங்காகப் போட்டிருந்தால் அக்காவுக்கு அந்த நிலை வந்திருக்காது.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். அக்காவுக்கு டயலிசிஸ் செவ்வாயும் வெள்ளியும். 25ஆம் திகதி செவ்வாய் செய்தது. 28 வெள்ளிக்கிழமை விடியும்போது ரோட்டே இல்லை. கீழே மண் சரிந்து கிடந்தது, கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. அடுத்த செவ்வாயும் போனது. டிசம்பர் 3ஆம் திகதி சரிவுகளை நடந்து கடந்து, மூன்று வாகனம் மாறிப் போய்ச் சேர்ந்தபோது எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த எட்டு நாளையும் அக்கா தாண்டியதற்குக் காரணம் வோர்ட்டில் ஒரு தாதி முன்பு சொல்லிக்கொடுத்திருந்த கணக்கு. மலையில் இருக்கிற ஒவ்வொரு டயலிசிஸ் வீட்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சாதாரண நாளில் ஒருநாள் குடிக்கக்கூடிய அளவு, முந்தின நாள் போன சிறுநீரோடு 500 மில்லிலீட்டர். டயலிசிஸ் தவறும் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து நாங்கள் மொத்தத்தையும் 500-க்குள் இறக்கினோம். அரை லீட்டர்ப் போத்தல் ஒன்றைக் காலையில் நிரப்பி வைத்து, மாத்திரை விழுங்கும் தண்ணீர்கூட அதிலிருந்துதான். தேத்தண்ணி, கஞ்சி, ரசம், சொதி எல்லாமே தண்ணீர்க் கணக்கு. எங்கள் ஆட்களுக்கு இது விளங்குவதில்லை. "தண்ணி குடிக்கலையே, பிளேன்டீதானே குடிச்சேன்" என்பார்கள். உப்பு தாகத்தைக் கிளப்பும், அதனால் கருவாடும் சம்பலும் நிறுத்தம். கடையில் "உப்புக்குப் பதில்" என்று விற்கும் தூளைத் தொடவே வேண்டாம், அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட்டுதான்.

ஆளை ஒரே அடியாகச் சாய்ப்பது பொட்டாசியம். தண்ணீர் கூடினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், கண்ணுக்குத் தெரியும். பொட்டாசியம் கூடினால் தெரியாமலேயே இதயம் நின்றுவிடும். கால் துவண்டால், நாடி மெதுவாகத் துடித்தால் பிந்திவிட்டது என்று அர்த்தம். வாழைப்பழம், செவ்விளநீர், பலாக்காய், தக்காளி, கீரை ஒன்றும் வேண்டாம். புயல் நிவாரணமாக வந்த உருளைக்கிழங்கை வேறு வழியில்லாமல் சமைத்தபோது, தோல் சீவிச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, புதுத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரையும் கொட்டினோம். பெரும்பாலும் வெள்ளைச் சோறும் வெறும் ரொட்டியும்தான். காமரங்காய் (நட்சத்திரப் பழம்) மட்டும் எந்த நாளும், ஒரு துண்டுகூட ஆகாது. சிறுநீரகம் பழுதானவரின் மூளையைத் தாக்கும் நஞ்சு அதில் இருக்கிறது, விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். பொட்டாசியத்தைக் குடலிலேயே கட்டிவைக்கும் ஒரு தூள் மருந்து உண்டு. மழைக்காலம் தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டு, எப்போது எவ்வளவு என்று எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள். எங்களிடம் இருக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது பொட்டாசியம் 6.7, எடை நாலரைக் கிலோ கூட. வாசலிலேயே ஈ.சி.ஜி எடுத்துக்கொண்டு மெசினுக்கு ஓடினார்கள்.

அந்த நாலு மணிநேரம் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஃபோன் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பழைய பழக்கத்தில் அண்ட்ரூஸின் பெயரைத் தட்டினேன். ஒக்டோபர் 23ஆம் திகதியே, 271 நாளுக்குப் பிறகு, அவருடைய பன்றிச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதரும் லூனியும் தங்கள் உடம்பைக் கொடுத்துத்தான் இந்த வித்தை ஒவ்வொரு படியாக ஏறுகிறது. லூனி 1999இல் தன் அம்மாவுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தவர் என்று முன்பே வாசித்திருக்கிறேன். அப்போது அந்த வரியை நின்று வாசிக்கவில்லை.

டிசம்பரில் லாச்சியிலிருந்த கடதாசியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். பதினொரு மாதம் எங்கே போனீர்கள் என்று டொக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கொடுக்கிறவருக்கு என்னென்ன செய்வார்கள் என்பதை வரிசையாகத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போகும். சிறுநீரகத் தொழிற்பாடு, ஈரல், கொழுப்பு, மஞ்சட்காமாலை பி, சி, எச்.ஐ.வி. குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சீனி பார்ப்பார்கள். எங்களைப்போல வீட்டில் சீனி இருந்தால் இது முக்கியம், இதில் விழுந்தால் எடுக்கமாட்டார்கள். ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, இதயப் பரிசோதனை, கடைசியில் சிறுநீரக நாடிகளைப் பார்க்க சி.டி. மனநல மருத்துவர் உங்களைத் தனியே கூப்பிட்டுப் பேசுவார். யாராவது நெருக்குகிறார்களா என்று கேட்பார். விருப்பமில்லை என்றால் அங்கே சொல்லலாம். உறவல்லாதவர் கொடுப்பதானால் விசாரணை இன்னும் நீளம். உறவுக்காரருக்கும் பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டும். எங்கள் தோட்டப் பதிவில் அக்காவுக்கு அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும் எனக்கு வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துப் பிழையைச் சத்தியக் கடதாசியால் நேராக்க ஐந்து வாரம். முதல் வாரமே சான்றிதழ்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பரேஷனில் கொடுப்பவர் இறக்கும் ஆபத்து, அமெரிக்கப் பழைய கணக்கில் பத்தாயிரம் பேருக்கு மூவரளவில், அண்மைய கணக்கில் அதையும்விடக் குறைவு. ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, வருடத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்கப் பரிசோதனை. இதையெல்லாம் 2025 ஜனவரியிலேயே கேட்டிருக்கலாம்.

24 மணிநேரச் சிறுநீர் சேர்ப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள், நானும் ஒருமுறை தவறினேன். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு நேரத்தை எழுதுங்கள். அதன்பிறகு போகும் ஒவ்வொரு சொட்டும் கேனுக்குள். மறுநாள் அதே நேரத்துக்குப் போவது வரை சேர்த்தால் முடிந்தது. நடுவில் ஒரு தடவை மறந்து வெளியே போய்விட்டால் கேனைக் கொட்டிவிட்டு அடுத்த நாள் திரும்பத் தொடங்க வேண்டும், பரவாயில்லை என்று விட்டால் கணக்கு பிழைக்கும். பாடசாலை இல்லாத நாளில் வையுங்கள். வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள், மலையில் அதற்குக் குறைவில்லை. அட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் அந்த ஐந்து லீட்டர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு போனோம். கினிகத்தேனை வளைவுகளில் மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன். கொண்டக்டர் குனிந்து பார்த்து, "என்ன மாஸ்டர், தேனா?" என்றார். நான் முழித்தேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நாவலப்பிட்டி வரும்வரை சிரித்தாள்.

முடிவு சரியாக இருந்தது. அடுத்தது குறொஸ்மெட்ச். அவளுடைய இரத்தத்தின் நீர்ப்பகுதியையும் என் வெண்குருதிக் கலங்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டு பைந்தும் என்ன செய்து வைத்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரியும். அதற்கு இருவரும் ஒரே நாளில் போக வேண்டும். வெறும் வயிறாக இருக்கத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம்.